முன்சக்கரத்தின் மேல் ஒரு பரிசோதனை

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டும் ஆர்வலர்கள், தொழிற்சாலை செய்யத் தவறியதைத் தாங்கள் செய்வதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து இருப்பது மறுபாதியில்.

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லி, புனே, பெங்களூர் போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு காட்சியைக் காணலாம். வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே, முன்சக்கரம் இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள், என்ஜினுக்கு அடியில் செருகிய ஜாக்கியின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் விரித்த பழைய செய்தித்தாளில் போல்ட்டுகள் கழற்றிய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் வாளியில் கறுத்துப்போன எண்ணெய் மீன் நாற்றம் அடித்துக்கொண்டிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர் முழங்கை வரை அழுக்கோடு தரையில் உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேன் சந்தேகத்தோடும் சிறுவர்கள் வியப்போடும் வேடிக்கை பார்ப்பார்கள்.

காரணம் அநேகமாக லடாக்காக இருக்கும். மணாலியிலிருந்து லே செல்லும் சாலை திறக்க இன்னும் சில வாரங்கள்தான். விடுமுறை வாங்கியாகிவிட்டது. கூடாரமும் தூங்கும் பையும் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது வண்டி. குறிப்பாக அதன் முன்பக்கம். குழியில் இறங்கினால் 'டங்' என்று இடிக்கிறது. பிரேக் பிடித்தால் தலை குப்புற விழுவதைப்போல அமுங்குகிறது. வாங்கிய நாளிலிருந்து இருக்கும் இந்தக் குறையைத் தீர்க்க ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதற்குள் புதிய ஸ்பிரிங்குகள் இருக்கலாம். முழு ஃபோர்க்கே கூட இருக்கலாம்.

சைலன்சரை மாற்றியும் ஸ்டிக்கர் ஒட்டியும் வண்டியை 'அழகுபடுத்தும்' பழக்கம் இந்தியாவுக்குப் புதிதல்ல. ஆனால் ஃபோர்க் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது அதுதான். வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதியைத் தாங்குவதும் அதுவே. சைலன்சரைச் சரியாக மாட்டாவிட்டால் சத்தம் வரும். ஃபோர்க்கைச் சரியாக மாட்டாவிட்டால் என்ன வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சராசரி மனிதனுக்கான வண்டி

பார்ப்பதற்கு இரண்டு குழாய்கள்தான். ஒன்று மற்றொன்றுக்குள் தொலைநோக்கியைப் போல வழுக்கிச் செல்லும். உள்ளே ஒரு நீண்ட ஸ்பிரிங்; சிறிது எண்ணெய். இரண்டுக்கும் வேலை வேறு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இராமல் அதைக் கட்டுப்படுத்துவது எண்ணெய். சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது உண்டாகும் தடைதான் துள்ளலை அடக்குகிறது. 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தனது ஆர்12 மோட்டார் சைக்கிளில் எண்ணெயால் கட்டுப்படும் தொலைநோக்கி ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. அடிப்படைத் தத்துவம் இன்று வரை மாறவில்லை. 1955-ல் சென்னையில் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் பின்னர் குடும்பஸ்தர்களுக்கும் தயாரித்துத் தந்த புல்லட்டும் இந்தத் தத்துவத்தின் மேல்தான் ஓடியது.

தத்துவத்தில் குறையில்லை. அளவில்தான் சிக்கல். தொழிற்சாலை ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங்கைப் பொருத்துகிறது. அதே வண்டியை 55 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவரும் வாங்குகிறார். 95 கிலோ எடையுள்ள வியாபாரியும் வாங்குகிறார். ஒருவர் தனியாகவே ஓட்டுகிறார். இன்னொருவர் பின்னால் மனைவியையும் முன்னால் குழந்தையையும் பக்கவாட்டில் காய்கறிப் பையையும் ஏற்றிக்கொள்கிறார். எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும் ஸ்பிரிங் யாருக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. பின்சக்கர ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ பெரும்பாலான வண்டிகளில் வசதி உண்டு. முன் ஃபோர்க்கில் அந்த வசதி அரிது. நீண்ட பயணத்துக்கென்றே 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் கூட, 41 மி.மீ. பருமனும் 200 மி.மீ. அமுங்கும் தூரமும் கொண்ட நல்ல ஃபோர்க் இருந்தது. திருகிச் சரிசெய்ய அதில் ஒரு திருகும் இல்லை.

சாலைகள் மீதிக் கதையைச் சொல்கின்றன. இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டு நெறிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான மேடு. இந்த அளவைத் தெருவில் தேடினால் கிடைப்பது கடினம். ஓர் இரவில் குடியிருப்போரே கொட்டிய சிமெண்ட் வரப்பு, தார் போடும்போது மூடாமல் விட்ட சாக்கடை மூடி, மழைக்குப் பின் தோன்றும் பள்ளம் ஆகியவைதான் ஃபோர்க்கின் அன்றாட வாழ்க்கை. மென்மையான ஸ்பிரிங் இவற்றில் கடைசி வரை அமுங்கி உலோகத்தோடு உலோகம் இடிக்கிறது. ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு முதலில் தகவல் வருகிறது, பிறகு முதுகெலும்புக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வண்டியின் என்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவர்கள், ஃபோர்க்குக்குள் எண்ணெய் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். சீல் கிழிந்து எண்ணெய் வெளியே கசியும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து நீர்த்துப்போன எண்ணெயோடு ஓடும் வண்டிக்கு 'சஸ்பென்ஷன் சரியில்லை' என்ற பட்டம் கிடைக்கிறது.

மூன்று படிகள்

வீட்டில் ஃபோர்க்கை மாற்ற நினைப்பவருக்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதியதை அளந்து ஊற்றி, சீல்களை மாற்றுவது. செலவு குறைவு. பல வண்டிகளுக்கு இதுவே பாதி நோயைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது படி, இருக்கிற ஃபோர்க்கின் உள்ளுறுப்புகளை மாற்றுவது. ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்குகளைத் தனியாக வாங்கிப் போடலாம். நெதர்லாந்தின் ஹைப்பர்புரோ, தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ். போன்ற நிறுவனங்களின் ஸ்பிரிங்குகளை இந்தியப் பயணிகள் நன்கு அறிவார்கள். சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் செல்லும் துளைகளின் அளவு மாறாது. மெதுவாக அமுங்கினாலும் வேகமாக அமுங்கினாலும் ஒரே துளைதான். அமெரிக்காவின் ரேஸ் டெக் செய்யும் வால்வு போன்றவற்றை உள்ளே வைத்தால், பெரிய இடி வரும்போது எண்ணெய்க்குக் கூடுதல் வழி திறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் எதுவும் மாறியிருக்காது. உட்கார்ந்து ஓட்டினால்தான் தெரியும்.

மூன்றாவது படிதான் எல்லோரும் ஆசைப்படுவது. பழைய ஃபோர்க்கை முழுவதுமாக அகற்றிவிட்டு, வேறொன்றை, முடிந்தால் பருத்த குழாய் மேலும் மெல்லிய குழாய் கீழுமாக இருக்கும் 'தலைகீழ்' ஃபோர்க்கை, பொருத்துவது. இந்த ஆசையை வளர்த்ததில் கே.டி.எம். டியூக் 200-க்குப் பங்கு உண்டு. 2012 ஜனவரியில் சுமார் ரூ. 1.17 லட்சம் விலையில் வந்த அந்த வண்டி, அதுவரை விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டிகளில் மட்டுமே பார்த்த 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க்கைக் கல்லூரி வாசல்களுக்குக் கொண்டுவந்தது. விபத்துக்குள்ளான டியூக்குகளின் ஃபோர்க்குகள் பழைய உதிரிபாகச் சந்தைகளுக்கு வந்து வேறு வண்டிகளில் ஏறின. டெல்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பொருளைத் தேடுவது ஒரு கலை. பேரம் பேசுவது இன்னொரு கலை. வாங்கும் குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் பலரும் கலையாகக் கருதுவதில்லை. முன்பக்கம் மோதி நொறுங்கிய வண்டியின் ஃபோர்க் நேராக இருந்தால் அது அதிசயம். குழாயைக் கனமான கண்ணாடித் தட்டின் மேல் உருட்டிப் பார்த்தால், இடைவெளியில் தெரியும் வெளிச்சம் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆர்வலர்களின் இந்த ஆசையைத் தொழிற்சாலைகளும் கவனித்தன. ஹீரோ நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த எக்ஸ்பல்ஸ் 200-ன் முன் ஃபோர்க் 190 மி.மீ. அமுங்கும். 2020-ல் அதே நிறுவனம் சுமார் ரூ. 38,000 விலையில் போட்டிகளில் ஓட்டுவோருக்காக ஒரு 'ராலி கிட்' வெளியிட்டது. முன்பக்கம் 250 மி.மீ. அமுங்கும், ஓட்டுபவர் தன் விருப்பப்படி திருகிக்கொள்ளலாம். 2023-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோ வண்டியில் அதே வகை ஃபோர்க் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. அதே ஆண்டு கே.டி.எம். 390 அட்வென்ச்சரும் சரிசெய்யும் வசதியுள்ள சஸ்பென்ஷனோடு வந்தது. வாசலில் உட்கார்ந்து ஸ்பானர் பிடித்தவர்கள் கேட்டது நியாயம்தான் என்று நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதைப்போல அது இருந்தது.

ஆனால் ராலி கிட்டில் இன்னொரு பாடமும் இருந்தது. அந்தப் பெட்டியில் ஃபோர்க் மட்டும் இல்லை. முன்பக்கம் உயர்ந்தால் பின்பக்கமும் உயர வேண்டும் என்பதால் பின் ஷாக் அப்சார்பரும் இருந்தது. வண்டி உயரமானால் பழைய ஸ்டாண்டு போதாது என்பதால் நீளமான ஸ்டாண்டும் இருந்தது. எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் இருக்கை 825 மி.மீ. உயரம், புரோவின் இருக்கை 891 மி.மீ. ஃபோர்க்கைத் தொட்டால் மொத்த வண்டியையும் தொட்டதாகிறது. தொழிற்சாலைக்குத் தெரிந்த இந்த விஷயம் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கழற்றுவது எளிது

வேலையின் முதல் பகுதிக்குப் பொறுமையும் சில கருவிகளும் போதும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் வரிசை இது. வண்டியை ஆடாமல் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு மட்டும் போதாது. சக்கரத்தைக் கழற்றியதும் எடை பின்னுக்குச் சாயும். அதனால் என்ஜினுக்கு அடியிலும் முட்டு தேவை. ஃபோர்க் இன்னும் பிடிகளில் இறுகியிருக்கும்போதே அதன் மேல்மூடியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்த பிறகு அதைத் திறக்க முயன்றால் வழுக்கும் குழாயோடு மல்யுத்தம்தான்.

பிரேக் காலிபரைக் கழற்றி அதன் குழாயிலேயே தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால், முன்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரும் அதன் மெல்லிய ஒயரும் அங்கேதான் இருக்கும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். எனவே வேறொரு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்துபவர் சென்சாருக்கும் அதன் வளையத்துக்கும் இடையிலான இடைவெளியையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கை விளக்கு எரியும். அவசரத்துக்கு உதவ வேண்டிய ஏ.பி.எஸ். வேலை செய்யாது.

கால்களை உருவுமுன் ஒரே ஓர் அளவை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மேல்பிடிக்கு வெளியே குழாய் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அது. மாட்டும்போது இரண்டு கால்களும் அதே அளவில் நிற்க வேண்டும். மூடியைக் கடைசிப் புரி வரை கழற்றும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்வது நல்லது. அடியில் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் மூடியைத் துப்பாக்கிக் குண்டைப்போல எறியக்கூடும்.

புது சீலைப் பொருத்துவதில் கைநுட்பம் தேவை. குழாயின் கூரிய விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடாமலிருக்க அதன் மேல் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு சீலை இறக்குகிறார்கள். அதை நேராக இறக்கும் கருவி இல்லாதவர்கள், அளவான பி.வி.சி. குழாய்த் துண்டால் தட்டி இறக்குகிறார்கள். சாய்வாக இறங்கிய சீல் சில நூறு கிலோமீட்டரில் கசியும். கசிந்த எண்ணெய் பிரேக் டிஸ்க்கை அடைந்தால் அதன் பிறகு பிரேக்கை நம்ப முடியாது. ஆனால் எல்லாக் கசிவுக்கும் சீலை மாற்ற வேண்டியதில்லை. பல சமயம் உதட்டில் மாட்டிய மண்துகள்தான் குற்றவாளி. பழைய கேமரா ஃபிலிம் துண்டு ஒன்றைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே செருகி ஒரு சுற்று சுற்றினால் மண் வெளியே வந்துவிடும்.

அளப்பதுதான் கடினம்

ஸ்பானர் வேலை முடியும் இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கடைகளிலும் வாசல்களிலும் உலவும் இரண்டு நம்பிக்கைகள் இந்த இடத்தில் பலரை ஏமாற்றுகின்றன.

முதல் நம்பிக்கை, ஸ்பிரிங்கின் மேல் ஒரு துண்டுக் குழாயை வைத்து இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது. ஆகாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க அரைக் கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங், முன்கூட்டியே 20 மி.மீ. இறுக்கி வைத்தாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு அதே அரைக் கிலோவைத்தான் கேட்கும். இறுக்குவதால் வண்டி உயர்ந்து நிற்கும். அவ்வளவுதான். கடினமான ஸ்பிரிங் வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங்கைத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது நம்பிக்கை, கெட்டியான எண்ணெய் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. கெட்டியான எண்ணெய் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யாது. அமுங்குவதையும் திரும்பி எழுவதையும் ஒருசேர மெதுவாக்கும். வரிசையாகப் பள்ளங்கள் வரும்போது, முதல் பள்ளத்திலிருந்து ஃபோர்க் எழுமுன் அடுத்தது வந்துவிடும். மேடு பள்ளமான சாலையில் வண்டி மரக்கட்டையைப்போல இருக்கும். லேயின் அதிகாலைக் குளிரில் எண்ணெய் இன்னும் கெட்டியாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கம், ஒரு நிறுவனத்தின் '10 டபிள்யூ' எண்ணெயும் மற்றொன்றின் '10 டபிள்யூ' எண்ணெயும் ஒரே கெட்டித்தன்மை கொண்டவையல்ல. எண்ணைப் பார்த்து வாங்குபவர் நிறுவனத்தை மாற்றாமலிருப்பது நல்லது.

எண்ணெயின் கெட்டித்தன்மையைவிட அதன் மட்டம் முக்கியம். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுவதும் அமுக்கி, உள்ளே தங்கிய காற்று வெளியேறும்வரை பலமுறை மேலும் கீழும் ஆட்டிய பிறகு, மேல் விளிம்பிலிருந்து எண்ணெயின் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். வண்டியின் கையேடு சொல்லும் அந்த அளவில் இரண்டு கால்களும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெய் அதிகமாகிக் காற்று குறைந்தால், ஃபோர்க் கடைசிப் பகுதியில் விறைத்துக்கொள்ளும், சீலும் தாங்காது.

எல்லாவற்றுக்கும் மேலான அளவு, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பது. இதற்குத் தேவை ஓர் அளவு டேப்பும் இரண்டு நண்பர்களும். சக்கரம் காற்றில் இருக்கும்போது குழாயின் வெளியே தெரியும் நீளம் ஓர் அளவு. ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட், பயணப் பையோடு உட்கார்ந்த பின் அதே நீளம் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 200 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்கில் 50 முதல் 60 மி.மீ. அதைவிட அதிகமானால் ஸ்பிரிங் மென்மை, குறைவானால் கடினம். குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையை மாட்டிவிட்டு ஓட்டினால், மிக மோசமான பள்ளத்தில் ஃபோர்க் எவ்வளவு தூரம் போனது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

இந்த அளவைப் புதிய ஃபோர்க் வாங்குவதற்கு முன்பே எடுத்திருந்தால் வாங்கத் தேவையே இருந்திருக்காது என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது. தன் எடைக்கேற்ற இரண்டு ஸ்பிரிங்குகளும் புதிய எண்ணெயும் போதுமென்ற நிலையில் இருப்பவர், பளபளக்கும் தங்க நிறக் குழாய்களுக்குப் பல மடங்கு செலவழிக்கிறார். வேறொருவரின் எடைக்கென்று செய்த ஸ்பிரிங் அந்தத் தங்க நிறக் குழாய்க்குள்ளும் இருக்கலாம்.

உயரத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். சக்கரங்களுக்கிடையே 1,400 மி.மீ. உள்ள வண்டியில் முன்பக்கத்தை மட்டும் 10 மி.மீ. உயர்த்தினால் ஃபோர்க்கின் சாய்வு சுமார் 0.4 டிகிரி மாறுகிறது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். 60 மி.மீ. உயர்த்தினால் இரண்டரை டிகிரியை நெருங்குகிறது. வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். தாழ்த்தினாலோ, நெடுஞ்சாலை வேகத்தில் கைப்பிடி பதற்றமாக ஆடத் தொடங்கும். முழுவதும் அமுங்கும்போது டயர் மட்கார்டையோ ரேடியேட்டரையோ தொடலாம். நீண்ட ஃபோர்க்கில் பிரேக் குழாய் பற்றாமல் இழுபடலாம். சாலைக்குப் போகுமுன் கைப்பிடியை இடமும் வலமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தால், எந்தக் கேபிள் எங்கே நசுங்குகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சட்டத்தின் நிழல்

இவ்வளவும் சரியாகச் செய்தவருக்கும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: இது சட்டப்படி சரியா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. தயாரிப்பாளரின் அசல் வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்த அனுமதியில்லை என்றது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது.

பதிவுச் சான்றிதழில் ஃபோர்க்கின் பெயர் இல்லை. தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேறு ஸ்பிரிங் போடுவதை எந்தப் போக்குவரத்துக் காவலரும் கண்டுபிடிக்கப் போவதுமில்லை. ஆனால் வேறொரு வண்டியின் முழு ஃபோர்க்கைப் பொருத்தி, உயரத்தையும் பிரேக்கையும் மாற்றுவது வேறு விஷயம். தெருவில் காவலர் நிறுத்துவதைவிடப் பெரிய சங்கடம் விபத்துக்குப் பிறகு காத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும்போது தகராறுக்கு இடம் கொடுக்கும். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அதுவும் கேள்விக்குள்ளாகும். சர்வே செய்ய வருபவர் முதலில் பார்ப்பது மோதிய முன்பக்கத்தைத்தான். மாற்றம் இருப்பதும் அங்கேதான்.

வெளிநாடுகளில் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட உதிரிபாகங்களுக்கு வழி விடும் முறைகள் உண்டு. ஜெர்மனியில் பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தந்தால் மாற்றம் ஆவணங்களில் ஏறும். இந்தியாவில் ஆர்வலருக்குக் கிடைப்பது தடை அல்லது அலட்சியம். விளைவு, நல்ல பொருளை முறையாகப் பொருத்துபவரும் வளைந்த குழாயைச் சுத்தியலால் நிமிர்த்திப் பொருத்துபவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

பின்னால் உட்காருபவர்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவற்றில் ஃபோர்க் காரணமான விபத்துகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் குழியைத் தவிர்க்கத் திடீரென்று வளைத்தபோதும், லாரிக்குப் பின்னால் சட்டென்று பிரேக் பிடித்தபோதும், ஒரு வண்டி சொன்னபடி கேட்டதா இல்லையா என்பதில் ஃபோர்க்குக்குப் பங்கு இருந்திருக்கும். நன்றாகச் சீரமைத்த ஃபோர்க் டயரைத் தரையோடு சேர்த்து வைத்திருக்கிறது. டயர் தரையில் இருந்தால்தான் பிரேக்குக்கு அர்த்தம் உண்டு. அந்த வகையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசலில் செலவிட்டவர் வெறும் சொகுசுக்காக மட்டும் உழைக்கவில்லை.

ஆனால் முடிவெடுப்பவர் அவர் ஒருவர். அதில் பயணம் செய்பவர்கள் இருவர். எண்ணெயின் மட்டமோ போல்ட்டின் இறுக்கமோ பின்னால் உட்காருபவருக்குத் தெரியாது. 'டார்க் ரெஞ்ச்' என்ற கருவியின் நியாயம் அதுதான். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கையின் வலுவுக்கு விடாமல் எண்ணால் சொல்லும் கருவி அது. ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியப் பிடி விரிசல் விடும். குறைவாக இறுக்கினால் குழாய் நழுவும். ஆயிரக்கணக்கில் ஃபோர்க்குக்குச் செலவழித்துவிட்டு இந்தக் கருவிக்கு யோசிப்பவர்கள் உண்டு.

மாட்டி முடித்த பின்னும் ஒரு சடங்கு பாக்கி. அச்சை இறுக்கியதும், அடியில் அதைக் கவ்வும் சிறு போல்ட்டுகளை உடனே இறுக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பலமுறை அமுக்கி எழவிட வேண்டும். இரண்டு கால்களும் தங்களுக்குள் நேராக அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கல். அடுத்து பிரேக் லீவர். காலிபரைக் கழற்றியபோது உள்ளே தள்ளப்பட்ட பேடுகள் டிஸ்க்கிலிருந்து விலகி நிற்கும். முதல்முறை பிடிக்கும்போது லீவர் கைப்பிடி வரை வெறுமனே வரும். கெட்டியாகும்வரை பலமுறை அழுத்தாமல் தெருவில் இறங்கியவர்கள், முதல் திருப்பத்திலேயே அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பிறகு குடியிருப்பின் வளாகத்துக்குள்ளேயே, நடக்கும் வேகத்தில், தனியாக ஒரு சுற்று. வேகத்தடையின் மேல் ஒருமுறை. மெதுவாக பிரேக் ஒருமுறை; பலமாக ஒருமுறை. இறங்கிவந்து குழாயில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும். லடாக்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாட்ச்மேனின் சந்தேகம் தீரட்டும். செய்தித்தாளில் ஒரு வாஷர் கூட மிஞ்சவில்லை என்பது உறுதியாகட்டும். பின் இருக்கையில் இன்னொருவரை ஏற்றிக்கொள்வது அதற்குப் பிறகு.